பீச் நிற ரிப்பன், இளஞ்சிவப்பு ரிப்பன்: மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வும் நோய்கண்ட குடும்பங்களும் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சிமி வேலி என்று ஓர் ஊர் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், அங்கே சார்லட் ஹேலி என்ற 68 வயதுப் பெண்மணி தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பீச் பழ நிறத்தில் துணி ரிப்பன்களை மடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டி, சகோதரி, மகள் ஆகிய மூவருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. ஐந்து ரிப்பன்களுக்கு ஓர் அட்டை என்று சேர்த்து, உள்ளூர்க் கடைகளில் நேரடியாகவும், நாடறிந்த பெண்களுக்குத் தபால் வழியாகவும் அவற்றைக் கொடுத்துவந்தார். அந்த அட்டையில் இருந்த செய்தி சுருக்கமானது: தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர், அதில் 5 விழுக்காடு மட்டுமே நோய்த் தடுப்புக்குப் போகிறது, இந்த ரிப்பனை அணிந்து, நம் மக்கள் பிரதிநிதிகளையும் அமெரிக்காவையும் தட்டி எழுப்ப உதவுங்கள். அட்டையில் நன்கொடை கேட்கவில்லை; மார்பைத் தடவிப் பாருங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையைத் தொட்ட நோய்க்கு அரசு எவ்வளவு செலவிடுகிறது, அதை எதற்குச் செலவிடுகிறது என்ற கணக்கைத்தான் ஹேலி கேட்டார்.

இந்த ரிப்பன் எப்படி இன்று உலகம் முழுவதும் அக்டோபரில் காணப்படும் இளஞ்சிவப்பு ரிப்பனாக மாறியது என்பதே இவ்வாய்வின் மையம். நோய்கண்ட குடும்பங்கள் விழிப்புணர்வுப் பரப்புரைகளை ஏன் ஒரே சமயத்தில் நன்றியோடும் கசப்போடும் பார்க்கின்றன என்ற கேள்விக்கு இந்த ஒரு நிகழ்வு பெருமளவு விடை தருகிறது என்று நான் கருதுகிறேன்.

அது ரிப்பன்களின் காலம். எய்ட்ஸ் நோயாளிகளுக்காகக் குரல்கொடுத்தவர்களின் சிவப்பு ரிப்பன் 1991-இல் டோனி நாடக விருது மேடையில் தோன்றி ஒரே இரவில் புகழ்பெற்றிருந்தது. அதே ஆண்டு, மார்பகப் புற்றுநோய்க்கெனச் செயல்படும் சூசன் ஜி. கோமன் அறக்கட்டளை தன் நியூயார்க் ஓட்டத்தில் பங்கேற்றவர்களுக்கு இளஞ்சிவப்பு ரிப்பன்களைக் கொடுத்திருந்தாலும், அது பரவலான அடையாளமாகவில்லை. 1992-இல் ‘செல்ஃப்’ என்ற பெண்கள் இதழின் ஆசிரியர் அலெக்சாண்ட்ரா பென்னியும், எஸ்டே லாடர் அழகுசாதன நிறுவனத்தின் உயர்பொறுப்பில் இருந்த ஈவ்லின் லாடரும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கென ஒரு ரிப்பனை நாடெங்கும் கொண்டுசெல்லத் திட்டமிட்டபோது, ஹேலியின் பீச் நிற ரிப்பன் அவர்கள் கவனத்துக்கு வந்தது. சேர்ந்து செயல்படலாம் என்று இதழின் தரப்பிலிருந்து கேட்டார்கள். ஹேலி மறுத்துவிட்டார், இது மிகவும் வணிகமயமான முயற்சி என்பது அவர் சொன்ன காரணம். வழக்கறிஞர்களிடம் ஆலோசனை கேட்டதில், வேறு நிறத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்ற பதில் கிடைத்தது. இளஞ்சிவப்பு தேர்வாயிற்று. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் எஸ்டே லாடர் விற்பனை முகப்புகளில் 15 லட்சம் இளஞ்சிவப்பு ரிப்பன்கள் வழங்கப்பட்டன.

இதை ஏழைப் பாட்டிக்கும் பணக்கார நிறுவனத்துக்கும் நடந்த மோதலாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. ஈவ்லின் லாடரும் நோய்கண்டவர்தான். 1989-இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 1993-இல் அவர் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளை இன்றும் ஆய்வாளர்களுக்குப் பெருந்தொகை வழங்கிவருகிறது. ரிப்பன் கொடுத்த அதே முகப்புகளில், ஆராய்ச்சிக்கு நிதியை உயர்த்துமாறு வெள்ளை மாளிகையைக் கேட்கும் விண்ணப்பங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களும் திரட்டப்பட்டன. கோமன் அறக்கட்டளையின் தோற்றமும் இப்படியொரு வீட்டுத் துயரத்தில்தான் இருக்கிறது. சூசன் கோமன் 1980-இல் தம் 36-ஆம் வயதில் இறந்தார். தங்கை நான்சி பிரிங்கர், அக்காவுக்குக் கொடுத்த வாக்கின்படி, 1982-இல் அதைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அவருக்கும் அதே நோய் வந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியதை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த உந்துதலை விளக்க வேண்டியதில்லை. ஆகவே இந்த நிகழ்வில் எதிரெதிரே நின்ற இரு தரப்பும் பாதிக்கப்பட்ட தரப்புகளே. ஒரே நோயைக் கண்ட இருவர், அதற்கு யார் என்ன செய்ய வேண்டும் என்பதில் வேறுபட்டார்கள்.

அந்த வேறுபாடு அட்டைகளில் வெளிப்படையாகத் தெரிகிறது. அழகுசாதன முகப்பில் ரிப்பனோடு கொடுக்கப்பட்ட அட்டையில் மார்பகச் சுயபரிசோதனை செய்யும் முறை அச்சிடப்பட்டிருந்தது. ஹேலியின் அட்டை மக்கள் பிரதிநிதியைப் பார்த்துப் பேசியது. அழகுசாதன முகப்பின் அட்டை அதை வாங்கும் பெண்ணைப் பார்த்துப் பேசியது. முன்னதில் கடமை அரசுக்கு, பின்னதில் கடமை அவளுக்கு. கையொப்ப விண்ணப்பங்கள் காலப்போக்கில் மறைந்துவிட்டன. அவளுக்கான அறிவுரை மட்டும் ஆண்டுக்காண்டு பெருகி, இன்று நாம் அறிந்த விழிப்புணர்வாக நிலைத்துவிட்டது. அக்டோபரை மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாகக் கொண்டாடும் வழக்கமே இந்தத் திசையில்தான் பிறந்தது: 1985-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும், மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்சிஃபென் மருந்தைத் தயாரித்த இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் மருந்துப் பிரிவும் இணைந்து அதைத் தொடங்கின, பெண்கள் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் தலையாய செய்தி. டாமாக்சிஃபென் எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் நோய் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு அந்த மாதத்தின் நிரலில் தொடக்கத்திலிருந்தே இடம் குறைவாக இருந்ததைக் குறிப்பிட்டாக வேண்டும்.

அந்த அட்டையிலிருந்த அறிவுரைக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று என்பது பலருக்குத் தெரியாது. சீனாவின் ஷாங்காய் நகரத்தில் நெசவு ஆலைகளில் வேலைபார்த்த 2,66,064 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக்கொடுத்து, திரும்பத் திரும்ப நினைவூட்டி, பத்தாண்டு அளவுக்குத் தொடர்ந்து கவனித்தார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்ற பிரிவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135 பேர். பயிற்சி பெறாத பிரிவில் 131 பேர். புற்றுநோயல்லாத கட்டிகளைக் கண்டு சதையெடுத்துப் பார்த்த நிகழ்வுகள் மட்டும் பயிற்சி பெற்றவர்களிடம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. கட்டியோ, தோலில் சுருக்கமோ, காம்பில் கசிவோ தென்பட்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. அதில் தயங்கக் கூடாது. ஆனால் மாதந்தோறும் முறைப்படி தடவிப்பார்த்தால் உயிர் தப்பும் என்ற உறுதிமொழியை ஆய்வு ஆதரிக்கவில்லை. அந்த உறுதிமொழியோ துண்டறிக்கைகளிலிருந்து இன்னும் முழுமையாக இறங்கவில்லை.

இந்த உறுதிமொழி ஒரு வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதை நான் நன்கறிந்த ஒரு சென்னைக் குடும்பத்தைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன். அந்த அம்மாவுக்கு அலுவலகத்தில் நடந்த அக்டோபர் முகாமில் எடுத்த மேமோகிராமில்தான் நோய் தெரியவந்தது. கட்டி சிறியது, ஆரம்ப நிலை. அறுவைச் சிகிச்சை, கீமோ, கரண்ட் வைத்தது, அதன்பின் ஐந்தாண்டு மாத்திரை என்று எதையும் அவர் விடவில்லை. மாத்திரை முடிந்து சில காலம் கழித்து இடுப்பு வலி என்று போனபோது, எலும்பில் பரவியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அடுத்து வந்த அக்டோபரில், மருத்துவமனையின் புறநோயாளிக் கூடத்தில் இளஞ்சிவப்பு பலூன் வளைவு கட்டி, செல்ஃபி எடுத்துக்கொள்ள அட்டைச் சட்டகம் வைத்திருந்தார்கள். கல்லூரியிலிருந்து வந்திருந்த தன்னார்வலப் பெண் ஒருத்தி, டோக்கனோடு காத்திருந்த அந்த அம்மாவின் புடவையில் ரிப்பனைக் குத்திவிட்டு, “ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா நூத்துக்கு நூறு குணமாயிடும்மா, எல்லாருக்கும் சொல்லுங்க” என்றாள். அம்மா “சரிம்மா” என்றார்.

உடனிருந்த மகளுக்குக் கோபம் அடங்கவில்லை. “அப்ப எங்கம்மா என்ன தப்புப் பண்ணாங்க? ஆரம்பத்துலதானே கண்டுபிடிச்சோம்?” என்று பிறகு பலமுறை கேட்டிருக்கிறாள். அம்மாவின் நிலை வேறு: “அந்தப் பொண்ணு நல்ல மனசோடதான் குத்துச்சு. கழட்டிக் குடுத்தா அதுக்குக் கஷ்டமா இருக்கும்ல.” அப்பா நோயின் பெயரை இன்றுவரை வாயால் சொன்னதில்லை, ‘அந்த ட்ரீட்மென்ட்’ என்பார். இதே குடும்பத்தில் பெரியம்மா ஒருவருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் இதே நோய் வந்தபோது, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காரணத்தால், கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி மறைத்தார்கள். அந்தப் பெரியம்மாவின் மகள்தான், இப்போது சித்திக்கு வந்தது என்று கேள்விப்பட்டதும், மகளிர் தினச் சலுகையில் முதல்முறையாக மேமோகிராம் எடுத்துக்கொண்டவள். ஒரே குடும்பத்துக்குள் நன்றி, கோபம், மௌனம், பயன் ஆகிய நான்கும் இருக்கின்றன. கலவையான உணர்வு என்று இதைச் சொல்லும்போது, அது தெளிவற்ற உணர்வு என்ற பொருளில் நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் பரப்புரை தமக்குச் செய்ததையும் செய்யாததையும் மிகச் சரியாகவே அளந்திருக்கிறார்கள்.

மகளின் கேள்வியில் உள்ள மருத்துவ உண்மையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பரப்புரைகள் நோயைக் காலத்தோடு நடக்கும் ஒரு பந்தயமாக மட்டுமே காட்டுகின்றன. கட்டி சிறிதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது, சிகிச்சையும் எளிதாகிறது. இது உண்மை. ஆனால் மார்பகப் புற்றுநோய் ஒரே நோயன்று. சில வகை, கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் உயிருக்குத் தீங்கு செய்யாமலே இருந்திருக்கக்கூடியது. சில வகை, கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே உயிரணுக்களை எலும்புக்கும் ஈரலுக்கும் அனுப்பிவிடுவது. அவை பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்துவிட்டு எழுவதும் உண்டு. அமெரிக்காவில் மூன்று தசாப்த கால மேமோகிராம் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆரம்பநிலை நோய்க் கணக்கு இரு மடங்கானபோதும், முதல் பரிசோதனையிலேயே உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் தெரியவரும் நோயின் அளவு ஏறத்தாழ அப்படியே இருந்ததைக் காட்டியது. எனவே, தாமதம் சிலரைக் கொல்கிறது என்பதும், தாமதமே இல்லாமல் சிலர் இறக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே உண்மை. பரப்புரை முதல் பாதியை மட்டும் உரக்கச் சொல்லும்போது, இரண்டாம் பாதியில் உள்ள குடும்பம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. இறந்தவரின் துக்க வீட்டில் “இன்னும் கொஞ்சம் முன்னாடி பாத்திருக்கலாமே” என்று யாரோ ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்பவர் கொடியவர் அல்லர், அவர் துண்டறிக்கையைப் படித்திருக்கிறார்.

அமெரிக்காவில் இந்தக் கசப்பு அமைப்பு வடிவம் எடுத்தது. நோய் பரவிய நிலையில் வாழும் பெண்கள், ‘வென்றவர்’ என்ற பட்டத்தோடு மேடையேற்றப்படும் அக்டோபர் விழாக்களில் தங்களுக்கு இடமில்லை என்று உணர்ந்தார்கள். அவர்களுக்குச் சிகிச்சை ஒருநாள் முடிந்து மணியடிக்கும் சடங்கு கிடையாது. ஒரு மருந்து வேலைசெய்யும்வரை அது, அது தோற்றால் அடுத்தது என்று வாழ்நாள் முழுவதும் தொடரும். ஆண்டுதோறும் அந்நாட்டில் இந்நோயால் இறக்கும் ஏறத்தாழ 42,000 பேரில் அநேகமாக எல்லாரும் இந்த நிலையை எட்டி இறப்பவர்களே. ஆனாலும் நிதியிலும் கவனத்திலும் அவர்கள் பங்கு மிகச் சிறிதாக இருந்தது. அவர்களுடைய வற்புறுத்தலால் 2009-இல் அக்டோபர் 13 பரவிய மார்பகப் புற்றுநோய்க்கான நாளாக அந்நாட்டு நாடாளுமன்றத்தில் ஏற்கப்பட்டது. அந்த மாதத்தின் 31 நாளில் ஒரு நாள் அது. இறப்பவர்களுக்காகத் தொடங்கிய ஒரு மாதத்தில், இறந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு நாள் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதே ஏதோ பிசகியதற்குப் போதுமான சான்று.

வணிகத்தைப் பற்றி ஹேலி அஞ்சியது பொய்யாகவில்லை. இதை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், பலரும் எழுதியதுதான். 2002-இல் ஒரு கடன் அட்டை நிறுவனம், அட்டையை ஒருமுறை பயன்படுத்தினால் ஒரு சென்ட் நன்கொடை என்று விளம்பரம் செய்தது. ஆயிரம் டாலருக்குப் பொருள் வாங்கினாலும் அதே ஒரு சென்ட்தான். சான் பிரான்சிஸ்கோவில் நோயாளிகளே நடத்திவந்த ‘பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன்’ அமைப்பு, இளஞ்சிவப்புப் பொருளை வாங்கும் முன் யோசியுங்கள் என்ற எதிர்ப் பரப்புரையை அந்த ஆண்டுதான் தொடங்கியது. 2010-இல் கோமன் அறக்கட்டளையும் கேஎஃப்சியும் கைகோத்து, பொரித்த கோழியை இளஞ்சிவப்பு வாளிகளில் விற்று, வாளிக்கு 50 சென்ட் வீதம் 42 லட்சம் டாலர் திரட்டின. 2014-இல் எண்ணெய்க் கிணறு தோண்டும் ஆயிரம் துளைக்கருவிகள் இளஞ்சிவப்புச் சாயம் பூசப்பட்டு வந்தன. உடற்பருமனும் சில வேதிப்பொருள்களும் இந்நோய்க்குக் காரணமாகுமா என்று ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இப்படி நடந்ததை நோய்கண்ட பெண்கள் அவமதிப்பாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. இருந்தாலும், வணிகமே குடும்பங்களின் மனத்தாங்கலுக்கு முதற்காரணம் என்று நான் நினைக்கவில்லை. திரட்டிய பணம் நேர்மையாகச் செலவானாலும், மகளின் கேள்வி அப்படியே இருக்கும்.

மறுபக்கத்தையும் அதே கவனத்தோடு எழுதியாக வேண்டும். 1974-இல் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு தமக்கு மார்பகம் அகற்றப்பட்டதை வெளிப்படையாக அறிவித்த வரையில், அந்நாட்டிலும் இது கிசுகிசுப்பாகப் பேசப்பட்ட நோயே. பெண்கள் மயக்க மருந்துக்குள் போகும்போது எழுந்தால் மார்பு இருக்குமா, இருக்காதா என்று தெரியாமலே போன காலம் அது. பயாப்சியும் (சதையெடுத்துச் சோதிப்பது) அறுவையும் ஒரே மூச்சில், மருத்துவரின் முடிவுப்படி நடந்தன. அந்த வழக்கத்தை மாற்றியதில் வாய்திறந்து பேசிய நோயாளிகளின் பங்கு பெரிது. கோமன் அறக்கட்டளையின் முதல் ஓட்டம் 1983-இல் டல்லஸ் நகரில் 800 பேரோடு நடந்தது. பின்னர் அது பல நகரங்களில் லட்சக்கணக்கானோர் கூடும் நிகழ்வாயிற்று. அந்த ஓட்டங்களில் பங்கேற்பவர்கள் முதுகில் ஒரு தாளைக் குத்திக்கொள்வார்கள். யார் நினைவாக ஓடுகிறேன், அல்லது யாருடைய நலத்தைக் கொண்டாடி ஓடுகிறேன் என்று அதில் கையால் எழுதியிருக்கும். சிறுவன் ஒருவன் முதுகில் ‘அம்மா’ என்று மட்டும் எழுதியிருக்கும். இன்னொருவர் முதுகில் நான்கைந்து பெயர்கள் இருக்கும். பின்னால் நடப்பவர் முன்னால் போகிறவரின் இழப்பைப் படித்துக்கொண்டே நடப்பார். வேறு எங்கும் உரக்கச் சொல்ல முடியாத ஒரு பெயரை முதுகில் எழுதிக்கொண்டு ஆயிரம் பேரோடு தெருவில் நடக்கக் கிடைத்த வாய்ப்பை, அதில் கலந்துகொண்ட எந்தக் குடும்பமும் அற்பமாகக் கருதாது. பெரியம்மாவின் நோயை மறைத்த குடும்பத்தை அறிந்த எனக்கு, அந்தத் தாளின் மதிப்பு தெரியும்.

பலனும் இல்லாமல் இல்லை. 1989-க்குப் பின் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் இறப்பு விகிதம் 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருக்கிறது. அதில் சிகிச்சை முன்னேற்றத்தின் பங்கும் முன்கூட்டியே கண்டறிதலின் பங்கும் எவ்வளவு என்பதில் வல்லுநர்களிடையே வாதம் உண்டு. இரண்டுமே சேர்ந்துதான் என்பதில் வாதம் இல்லை.

ஹேலி கேட்ட திசையில் யாரும் போகவில்லை என்றும் சொல்ல முடியாது. 1991-இல் நோயாளிகளும் குடும்பத்தாரும் சேர்ந்து உருவாக்கிய தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டமைப்பு, அந்த ஆண்டே நாடாளுமன்றத்துக்கும் வெள்ளை மாளிகைக்கும் 6 லட்சம் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொட்டியது. அடுத்த ஆண்டு அவர்கள் ராணுவத் துறையின் நிதியிலிருந்தே மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 21 கோடி டாலரைப் பெற்றார்கள். ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடும் குழுக்களில் நோய்கண்ட பெண்களுக்கும் இருக்கை கிடைத்தது. விஞ்ஞானிகளுக்கு எதிரே உட்கார்ந்து, இந்த ஆய்வால் எங்களுக்கு என்ன பயன் என்று கேட்கும் உரிமை அது. ரிப்பன் அறியப்பட்ட அளவுக்கு இது அறியப்படாமல் போனது எனக்கு வருத்தமளிக்கிறது, ஏனெனில் குடும்பங்களின் கோபத்தைப் பயனுள்ள வேலையாக மாற்றிய முன்மாதிரி இதுவே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவுக்கு இந்த இளஞ்சிவப்பு அக்டோபர், நிறமும் பலூனும் வாக்கத்தானுமாக, ஏறத்தாழ முழு வடிவில் வந்து சேர்ந்துவிட்டது. அது பிறந்த நாட்டில் அதைச் சுற்றி நடந்த வாதங்கள் மட்டும் வந்து சேரவில்லை. நிலைமையோ முற்றிலும் வேறு. 2022-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. இறந்தவர்கள் ஏறத்தாழ 98,000 பேர். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு நோய் கண்டறியப்பட்டும் இறப்பு இந்திய எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவு. இங்கே கணிசமான பெண்கள் கட்டி புண்ணாகி வெளியே தெரியும் நிலையில்தான் வருகிறார்கள். ஆகவே மேமோகிராமின் அளவுமீறிய பயன்பாட்டைப் பற்றி மேல்நாட்டில் எழும் குறைகளை அப்படியே இங்கே எடுத்துவைப்பது பொருந்தாது. இங்கே பேச்சே இன்னும் தேவைப்படுகிறது. “ஊசி போட்டு எடுத்தா பரவிடும்” என்று பயாப்சிக்கு அஞ்சி நாட்டு வைத்தியத்துக்குப் போய் ஆறு மாதம் இழக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

ஆனால் எவ்வகைப் பேச்சு வேலைசெய்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே உறுதியான சான்று இருக்கிறது. மும்பையின் டாடா நினைவு மையம் 1998-இல் தொடங்கிய ஆய்வில், குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். மேமோகிராம் இயந்திரம் எதுவும் இல்லை. இருபதாண்டுத் தொடர் கவனிப்புக்குப் பின் 2021-இல் வெளியான முடிவில், 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. அதைவிட இளையவர்களிடம் அத்தகைய பலன் காணப்படவில்லை. ஷாங்காய் முடிவையும் மும்பை முடிவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: உன் உடலை நீயே கவனித்துக்கொள் என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு விலகிக்கொண்ட இடத்தில் உயிர் மிஞ்சவில்லை, பயிற்சி பெற்ற இன்னொரு பெண் அவளைத் தேடிப் போய், தொட்டுப் பார்த்து, ஐயம் இருந்தால் மருத்துவமனைவரை தொடர்ந்து கவனித்த இடத்தில் உயிர் மிஞ்சியது. பரப்புரையின் கடமையைப் பெண்ணின் தோளிலிருந்து இறக்கி அமைப்பின் தோளில் வைக்கும்போதுதான் அது பலன் தருகிறது. ஹேலி தம் அட்டையில் கேட்டதும் அந்த இடமாற்றத்தைத்தான்.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் சிலவற்றை முகாம் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். நூற்றுக்கு நூறு குணமாகும் என்ற வாக்கியத்தை எங்கும் அச்சிடாதீர்கள், தன்னார்வலர்களுக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். வாய்ப்பு மிகவும் கூடும் என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. சிகிச்சையில் இருப்பவர்கள் காத்திருக்கும் கூடத்தை விழா மேடையாக்காமல், வாசலிலோ கல்லூரியிலோ அலுவலகத்திலோ அதை நடத்துங்கள். கூடத்தில் நடத்தியே ஆகவேண்டுமென்றால், அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் நோய் திரும்பி வந்தவர்களும் இருப்பார்கள் என்று தன்னார்வலர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நோய் பரவிய நிலையில் மருந்தோடு பல ஆண்டுகள் வாழ்கிறவர்களை மேடைக்கு அழையுங்கள். அவர்கள் பேசினால் கூட்டம் பயப்படும் என்ற எண்ணம் தவறு, சாப்பாடு, வேலை, மருந்துச் செலவு என்று அவர்கள் பேசுவதைத்தான் குடும்பங்கள் காதுகொடுத்துக் கேட்கின்றன. சலுகை விலையில் மேமோகிராம் என்று அறிவிக்கும் துண்டறிக்கையின் பின்பக்கத்தில், படத்தில் ஐயம் தெரிந்தால் பயாப்சிக்கு எங்கே போவது, எத்தனை நாளில் முடிவு வரும், எவ்வளவு செலவாகும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எதெல்லாம் அடங்கும், அதற்கு என்னென்ன தாள்கள் வேண்டும், யாரைத் தொடர்புகொள்வது என்பதை அச்சிடுங்கள். அந்தப் பின்பக்கத்தை நிரப்ப முடியாத நிறுவனம், முதலில் அதற்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டு, பிறகு முகாமுக்குத் தேதி குறிக்கட்டும்.